ஊற்றில் எண்ணெய், உதட்டில் மௌனம்!

ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சந்திலே குடியிருக்கும் தோழர் ஒருவர் நமது படிப்பகத்துக்கு வந்தார். மோட்டார் பட்டறைத் தொழிலாளி. கையிலே ஒரு புட்டி. குளிர்பானம் தீர்ந்தபின் மிஞ்சிய பிளாஸ்டிக் புட்டி. அதிலே தண்ணீர். "மோந்து பாருங்கண்ணே" என்றார். மோந்து பார்த்தோம். நாள் முழுதும் பெட்ரோலிலே கை நனைப்பவருக்கு அந்த வாடை இன்னதென்று நாமா சொல்லித்தர வேண்டும்? அவரே சொன்னார்: "பட்டறையில இந்த வாசனைதான் சோறு போடுது. இப்போ வீட்டுல சோத்துலயே இந்த வாசனை வருதுண்ணே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. மூன்று இடங்களுக்கு அலைந்திருக்கிறார். முதல் இடத்திலே சொன்னார்கள்: "நாங்கள் கொடுக்கும் குழாய்த் தண்ணீர் கெட்டால் எங்களிடம் வா. இது உன் வீட்டுக்காரர் போட்ட போர், எங்களுக்கென்ன?" இரண்டாவது இடத்திலே கேட்டார்கள்: "எந்த பங்கிலிருந்து கசிகிறது? அதை எழுதிக் கொடு, பிறகு பார்க்கலாம்." மூன்றாவதாக, பக்கத்து பங்கிலேயே போய்க் கேட்டார். அங்கே பதில்: "ஒழுகினால் நஷ்டம் எங்களுக்குத்தானே? விட்டுவிடுவோமா?"

மூன்று வாசல், மூன்று பதில். மூன்று பதிலிலும் ஒரே பொருள்: போய் வா!

அந்த பங்குதான் குற்றவாளி என்று நாம் தீர்ப்பெழுத வரவில்லை. ஒரு புட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரையும் கூண்டிலே ஏற்றுவது நியாயமல்ல. பழைய பட்டறையின் கழிவெண்ணெயாக இருக்கலாம்; எப்போதோ மூடப்பட்ட வேறொரு தொட்டியாக இருக்கலாம்; எண்ணெயே அல்லாத வேறொன்றாகவும் இருக்கலாம். நாம் கேட்பது தண்டனையை அல்ல, சோதனையை! 'யார்?' என்று கண்டுபிடித்துச் சொல்லவேண்டியவர்கள், 'யார் என்று நீ சொல்' எனப் பட்டறைத் தொழிலாளியைப் பார்த்துக் கேட்கிறார்களே, அந்த விந்தையைத்தான் கண்டிக்கிறோம். வயிற்று வலி என்று வந்தவனிடம், 'எந்தக் குடலில் எந்தப் புண் என்று எழுதிக் கொண்டுவா, மருந்து தருகிறேன்' என்று சொல்லும் மருத்துவரை இந்த நாடு ஏற்குமா?

'நஷ்டம் எங்களுக்குத்தானே' என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றுகிறது. கணக்குப் போட்டால் கரைந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டியிலோ குழாயின் இணைப்பிலோ வினாடிக்கு ஒரே ஒரு சொட்டு கசிகிறதென்று வையுங்கள். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்றால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர். 10,000 லிட்டர் பெட்ரோல் இருக்கும் தொட்டியில் வெப்பம் ஒரே ஒரு டிகிரி குறைந்தாலே அளவு ஏறத்தாழ 10 லிட்டர் சுருங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளே அந்த நாலு லிட்டர் ஒளிந்துகொள்ளும். ஆவியானது, அளவுக்கோல் தவறியது, லாரியிலே குறைந்தது என்று காரணம் எழுதிக் கணக்கை மூடிவிடலாம். முதலாளிக்கு அது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். சந்திலே இருப்பவனுக்கோ அது தினந்தோறும் தன் கிணற்றிலே இறங்கும் நஞ்சு!

நஞ்சு என்று நாம் சொல்வது மேடைப் பேச்சல்ல. பெட்ரோலிலே பென்சீன் என்றொரு பொருள் கலந்திருக்கிறது. அது இரத்தப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்பது மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்ற உண்மை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த 'பாரத் 6' தரத்தின்படி, பெட்ரோலிலே பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். குடிநீரிலே எவ்வளவு இருக்கலாம்? லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் தண்ணீரில் கரைந்தால், அந்த வரம்புக்குள் கொண்டுவர 8 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் எழுபதுக்கு மேல்! ஒரு லிட்டர் பெட்ரோல், எழுபது லாரித் தண்ணீரைக் கெடுக்கவல்லது.

'வாடை அடித்தால் குடிக்காமல் இருந்துவிட்டால் போகிறது' என்பார் சிலர். அங்கேதான் ஆபத்து பதுங்கியிருக்கிறது. தண்ணீரிலே கலந்த பென்சீனை நாக்கு உணர, லிட்டருக்கு அரை மில்லிகிராமாவது இருக்கவேண்டும். அதாவது, நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே வரம்பைப் போல ஐம்பது மடங்கு உள்ளே போய்விடும்! வாடை போய்விட்டது என்று மகிழ்கிறோமே, அது நஞ்சு போய்விட்டது என்பதற்குச் சான்றல்ல.

இப்படியெல்லாம் நடக்குமா, பயமுறுத்துகிறீர்களே என்று கேட்பவர்களை வடசென்னைக்கு அழைக்கிறோம்.

2013 ஆம் ஆண்டு. தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்கள். அங்கே வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளிலே தண்ணீருடன் எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டைக் கிடங்குக்கு எண்ணெய் கொண்டுபோக, பாரத் பெட்ரோலியம் நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் மண்ணுக்கடியில் பதித்திருந்த குழாயிலே கசிவு. மக்கள் கொதித்தெழுந்தனர், வழக்கு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. நிபுணர்கள் வந்தனர், மண்ணைத் துளைத்தனர், நீரை எடுத்தனர், ஆவியை உறிஞ்சினர். ஒரு குழாயிலே விழுந்த ஓட்டைக்காக, அந்தத் தெருக்களின் மக்கள் ஆண்டுக்கணக்கில் சொந்தக் கிணற்றை மூடிவைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றனர். ஓட்டையை அடைக்க ஒரு நாள் போதும். ஒழுகியதை எடுக்க ஆண்டுகள் போதவில்லை!

கடல் கடந்தும் நம் இனத்தவர் இந்தத் துயரைக் கண்டிருக்கின்றனர். ஆறு ஓடாத யாழ்ப்பாணத்துக்குக் கிணறுதான் உயிர். சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீர்தான் அங்கே குடிநீர், அதுவே தோட்டத்துக்கும் பாய்ச்சும் நீர். அந்த மண்ணிலே, சுன்னாகத்திலே, எண்ணெயில் ஓடும் மின் நிலையத்தை ஒட்டிய ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. 2015 இல் இலங்கை உயர்நீதிமன்றத்தில் வழக்கு. 2019 இல் தீர்ப்பு. மின் உற்பத்திக் கம்பெனி 2 கோடி ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றது நீதிமன்றம். கெடுத்தவனே பணம் கட்டவேண்டும் என்ற நீதி அங்கே ஒலித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒலித்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

பணம் கொழிக்கும் அமெரிக்காவின் கதை என்ன? அங்கே பெட்ரோல் நிலையங்களின் அடியில் புதைத்த இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து ஊர் ஊராகக் கிணறுகளைக் கெடுத்தன. 1984 இல் சட்டம் செய்தார்கள். பழைய தொட்டிகளைத் திருத்து, அல்லது தோண்டி எடு என்று 1998 டிசம்பர் வரை கெடு வைத்தார்கள். தேடத் தொடங்கிய பிறகு அகப்பட்ட கசிவுகள் எத்தனை? 5½ லட்சத்துக்கும் மேல்! 1996 இல், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம், பெட்ரோலில் கலக்கும் ஒரு ரசாயனம் தன் குடிநீர்க் கிணறுகளில் இறங்கிவிட்டதென்று அந்தக் கிணறுகளையே மூடவேண்டி வந்தது. தேடியவர்களுக்கு அத்தனை கிடைத்தது. நாமோ தேடவே இல்லை. ஆகவே, 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லிக்கொள்கிறோம். கண்ணை மூடிக்கொண்ட பூனை, உலகம் இருண்டுவிட்டது என்றதாம்!

எப்படித் தேடுவது? அது ஒன்றும் மாய வித்தையல்ல; தொழிலாளி புரிந்துகொள்ளக்கூடிய வேலைதான்.

பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானது. கசிந்தது மண்ணின் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டே கீழே இறங்கும். நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன் மேலே மிதக்கும். மிதப்பதில் ஒரு பகுதி நீரிலே கரையும்; கரைந்தது நீர் போகும் திசையிலே நடக்கத் தொடங்கும். இன்னொரு பகுதி ஆவியாகி மண் வழியே மேலேறி, வீட்டின் அடித்தளத்திலும் சாக்கடையிலும் புகும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது மிதக்கும் எண்ணெயும் உயரும். கோடையில் மட்டம் தாழும்போது எண்ணெயும் தாழும். ஏறி இறங்கும் இடமெல்லாம் மண்ணிலே பூசிவிட்டுப் போகும். அதனால்தான், 'போன மாதம் வாடை இல்லை, மழைக்குப் பிறகு மறுபடியும் வந்துவிட்டது' என்று மக்கள் சொல்வதைக் கேட்டு அதிகாரிகள் நகைக்கக்கூடாது. மக்கள் சொல்வதுதான் மண்ணின் இயல்பு.

ஆகவே, தேடுபவன் முதலிலே பங்கின் கணக்கைப் புரட்டவேண்டும்: வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, காலையில் கோல் விட்டு அளந்தபோது இருந்தது எவ்வளவு? ஒரு நாள் கணக்கு பொய் சொல்லலாம். ஆறு மாதக் கணக்கு பொய் சொல்லாது. அடுத்து, தொட்டியையும் குழாயையும் அடைத்து அழுத்தம் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு தொட்டியைச் சுற்றி மண்ணைத் துளைத்து, அடிக்கு அடி எடுத்த மண்ணின் ஆவியைக் கருவியால் சோதிக்கவேண்டும். அதன்பின், குறைந்தது மூன்று இடங்களில் முக்கோணமாகக் கண்காணிப்புக் கிணறுகள். ஏன் மூன்று? நீர்மட்டம் எங்கே உயரம், எங்கே தாழ்வு என்பதை மூன்று புள்ளி இருந்தால்தான் அறியலாம்; அப்போதுதான் நீர் எந்தத் திசையில் நடக்கிறதென்று புலப்படும். திசை தெரிந்தால், நஞ்சு எந்தத் தெருவிலிருந்து வந்தது, அடுத்து எந்தத் தெருவுக்குப் போகும் என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக நீரை எடுப்பது. அதற்கென்று கண்ணாடிக் குப்பி. ஒரு குமிழிக் காற்றும் உள்ளே நில்லாதபடி நிரப்பவேண்டும். பனிக்கட்டியிலே வைத்து ஆய்வுக்கூடம் சேர்க்கவேண்டும். இல்லையேல், தேடும் பொருளே ஆவியாகிப் பறந்துவிடும். நமது தோழர் பிளாஸ்டிக் புட்டியிலே பாதி நிரப்பி, வெயிலிலே மூன்று அலுவலகம் சுமந்தாரே, அந்தத் தண்ணீர் எந்த ஆய்வுக்கூடத்திலும் செல்லாது! அவர் உழைப்பும் செல்லாது, அவர் சாட்சியும் செல்லாது. முறையோடு எடுக்க அவருக்குக் கருவி இல்லை. கருவி உள்ளவர்களுக்கு வர நேரமில்லை. இப்படித்தான் ஏழையின் வழக்கு, நடத்தப்படாமலே தோற்கிறது.

ஆட்சிப் பீடத்திலே எவர் இருப்பினும் இதைக் கேட்டாகவேண்டும். மெட்ரோ ரயிலுக்காக ராயப்பேட்டை மண்ணைக் குடைகிறார்கள். குடையுமுன் எத்தனை இடத்திலே துளையிட்டு, எத்தனை அடியிலே மணல், எத்தனை அடியிலே பாறை என்று பார்த்திருப்பார்கள்! ரயில் வரட்டும், வரவேற்கிறோம். ரயிலுக்காக மண்ணைத் துளைத்துப் பார்க்கத் தெரிந்த நாட்டுக்கு, அந்த மண்ணின் மேலே குடியிருப்பவன் குடிக்கும் நீருக்காகத் துளைத்துப் பார்க்கத் தெரியாதா?

பெட்ரோல் தேக்கிவைக்க உரிமம் தரும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்குத் தலைமையகம் நாகபுரியிலே. எண்ணெய்க் கம்பெனிகளிலே பெரியவை ஒன்றிய அரசின் கையிலே. 'தடையில்லை' என்று இங்கே சான்று தருபவர், விதிப்படி, மாநகரக் காவல் ஆணையர். தீப்பற்றுமா என்று பார்க்க ஆள் உண்டு, தேவைதான். ஆனால், தீப்பற்றாமல், ஓசையில்லாமல், ஆண்டுக்கணக்கில் ஊற்றிலே இறங்குவதைப் பார்க்க யார்? 2020 சனவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெறி வகுத்தது: பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து பங்கு 50 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், இடமில்லையேல் 30 மீட்டருக்குக் குறையக்கூடாது என்று. நல்லது. ஆனால் அது புதிதாக வரும் பங்குக்கு. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய பங்குகளின் அடியில், எந்த ஆண்டு புதைத்த தொட்டி, என்ன இரும்பு, எத்தனை துரு? இந்தக் கணக்கைக் குடிமகன் கேட்டால் காட்ட ஓர் ஏடு வேண்டாமா?

2003 இல், வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. குடிசைவாசியும் தன் கைக்காசில் குழி வெட்டினான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து ரயிலிலே தண்ணீர் வந்த நாட்களில், ஊற்றிலே கொஞ்சம் மிஞ்சியிருந்ததே, அது அந்தக் குழிகள் சேர்த்த சேமிப்பு. ஏழை, சொட்டுச் சொட்டாக மண்ணிலே சேமிக்கிறான். அதே மண்ணிலே, இன்னொருபுறம் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்குமானால், அந்தச் சேமிப்புக்குக் காவல் யார்?

2025 சூலையில், மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்று ஒன்றிய அரசு விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கு இருமுறை பட்டியலிடவேண்டும். மாநில வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வு நடத்தவேண்டும். கெடுத்தவர் செலவை ஏற்கவேண்டும். நல்ல விதி, ஏட்டிலே இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவேண்டுமானால், மக்கள் அடுப்பை மூட்டவேண்டும்.

ஆகவே, நாம் கேட்பவை நான்கு:

ஒன்று: சென்னை மாநகரில் மண்ணுக்கடியில் உள்ள எரிபொருள் தொட்டிகள் அனைத்துக்கும், மூடப்பட்டவை உட்பட, வயதும் வகையும் கடைசிச் சோதனை நாளும் குறித்த ஏடு, அது வட்டந்தோறும் மக்கள் பார்வைக்கு.

இரண்டு: குடியிருப்பை ஒட்டிய பங்குகளைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள், ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், சோதனை.

மூன்று: கிணற்றிலே எண்ணெய் வாடை என்று புகார் வந்தால், குப்பியும் பனிக்கட்டியும் எடுத்துக்கொண்டு அதிகாரி வீட்டுக்கு வரவேண்டும், யார் கசியவிட்டது என்று கண்டுபிடிப்பது அரசின் வேலை, மனுதாரரின் வேலையல்ல.

நான்கு: முடிவு தெரியும்வரை அந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர், விலையின்றி.

தோழர்களுக்கும் ஒரு சொல். கோபத்திலே பங்கு வாசலிலே போய்க் கூச்சலிடாதீர்கள். அங்கே குழாயைப் பிடித்து நிற்பவன் நம் வீட்டுப் பிள்ளை. நமக்கு முன்னாலேயே, நாள் முழுதும், அந்த ஆவியைச் சுவாசிப்பவன். பங்கு நடத்துபவரும் பல இடங்களிலே முகவர்தான். மண்ணுக்கடியில் உள்ள தொட்டி கம்பெனியின் உடைமை. நமது கேள்வி அடியிலே இருக்கும் தொட்டிக்கு உடையவரிடமும், அதைக் கண்காணிக்கக் கடமைப்பட்டவரிடமும்.

வாடை அடிக்கும் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். காய்ச்சினால் போய்விடும் என்று நம்பி மூடிய அறையிலே கொதிக்கவைக்க வேண்டாம். நீரை விட்டு எழும் நஞ்சு அறையிலே நிறையும். எரிகிறதா பார்க்கலாம் என்று தீக்குச்சி கிழிக்கவே வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்: எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை அடி போர், எந்த நாள் வாடை, மழைக்கு முன்னா பின்னா? பத்து வீட்டார் கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஒரு புட்டியைத் தள்ளிவிடலாம்; ஒரு தெருவின் ஏட்டைத் தள்ளுவது எளிதல்ல.

அந்தப் பட்டறைத் தோழர் போகும்போது புட்டியை நமது மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். "கொட்டவும் மனசு வரலண்ணே, தண்ணியாச்சே" என்றார். தண்ணீரைக் கொட்ட மனம் வராத மக்கள் இவர்கள். அவர்களுடைய ஊற்றிலே எதைக் கொட்டினார்கள், யார் கொட்டினார்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பதில் வரும்வரை அந்தப் புட்டி நமது மேசையிலேதான் இருக்கும். நாமும் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.